உங்கள் கருவி ஆதரிக்கப்படவில்லை

பேருந்து நிலையத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கோ கேள்வி கேட்கிறவர்களைக் கண்டாலே ஆகாது.

'விசாரணை' என்று நெற்றியில் எழுதிய கண்ணாடி ஜன்னல். குரல் போவதற்கு வட்டமாகத் துளைகள். எந்தப் புண்ணியவான் போட்ட துளைகளோ, நெட்டையானவர் குனிய வேண்டும், குட்டையானவர் எம்ப வேண்டும். யாருக்கும் நேராக வாய் எட்டாது. விசாரணைக்காரருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கேட்கிறவன் கொஞ்சமாவது கஷ்டப்படட்டும்.

"சார், மலைக்குப் போற வண்டி எங்க நிக்கும்?"

தலை நிமிராமல் கட்டைவிரலைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டுவார். "போர்டுல இருக்கு."

"போர்டு அணைஞ்சு கெடக்கே சார்."

"அப்போ வண்டி இன்னும் வரலைன்னு அர்த்தம்."

மனித குலத்தை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர்கள் ஒரு சாரார். படிக்கத் தெரிந்தும் படிக்காத சோம்பேறிகள் மற்றவர்கள். முதல் வகைக்குப் பதில் சொல்வார், அதுவும் முனகிக்கொண்டே. இரண்டாம் வகைக்குக் கட்டைவிரல் போதும். ஆனால் ஒன்று, அவர் வாயிலிருந்து பொய் வராது. "இதோ வந்துடும்மா, அஞ்சு நிமிஷம்" என்று மற்ற ஊழியர்கள் கூசாமல் சொல்கிற சர்க்கரைப் பொய்யை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வராத வண்டியை வராது என்பார். திட்டு வாங்குவார். திட்டியவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இந்த மனுஷர் வீட்டுக்குப் போனால் மட்டும் மாறிவிடுவாரா என்ன? வீட்டில் அவருடைய இளக்காரத்துக்குத் தனியாக ஒரு மேசையே இருந்தது. மேசையில் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம்: யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், எவனுக்கும் கப்பம் கட்ட வேண்டாம். ஊரே காசு கொடுத்து வாங்குகிற அந்த மற்ற சிஸ்டத்தின் பெயரை அவர் தன் வாயால் சொல்வதில்லை, 'அது' என்பார். அதை வைத்திருப்பவர்களை, வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கிற பிறவிகள் என்பார். கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த திரை, பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் காட்டிக்கொண்டிருந்து, கழித்துக் கட்டப்பட்டது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு தொங்கியது. வீட்டில் டிவி கிடையாது. டிவி என்றால் அவருக்கு எரிச்சல்.

மனைவியின் தம்பிக்கு ஏசி விற்கிற வேலை. வீட்டுக்குள் நுழையும்போதே குளிர்ந்த சிரிப்போடுதான் நுழைவான்.

"என்ன மாமா, உங்க ஓ.எஸ். எப்படி இருக்கு? ஓ.எஸ்.ஸா ஓசியான்னு எனக்கு இன்னும் கொழப்பமா இருக்கு."

"ஓசி இல்ல மாப்ள, சுதந்திரம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன்கிட்ட நான் என்னத்தப் பேச?"

"சுதந்திரம் சரி. பிரிண்டர் வேலை செய்யுதா?"

பிரிண்டர் அன்றைக்கு வேலை செய்யவில்லை. மனைவி உள்ளே திரும்பிச் சிரிப்பை விழுங்கினாள். அவள் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளி வலியில் கத்தும்போதும் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பழகியவள். கணவர் விஷயத்தில் மட்டும் அந்தப் பயிற்சி பலிக்கவில்லை.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலிபால் ஆடப் போய், உயரம் போதாமல் ஒதுக்கப்பட்டு, கோட்டு நடுவரானவள். மைதானத்தின் மூலையில் கையில் சின்னக் கொடியோடு நிற்க வேண்டும். பந்து உள்ளே விழுந்தால் கொடி கீழே, வெளியே விழுந்தால் மேலே. ஆடுகிறவர் கையில் உரசிவிட்டு வெளியே போனால், கொடியை நிமிர்த்திப் பிடித்து அதன் தலையில் மற்றக் கையை வைக்க வேண்டும். அதை வீட்டுக் கூடத்தில் தோசைத் திருப்பியை வைத்துப் பழகினாள். பந்து எறிந்தது அம்மாதான். அத்தனை வருடம் பந்து எறிந்தும், மகள் நிஜ மைதானத்தில் நிற்பதை அம்மா ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆட்டம் இருக்கிற நாளில் எல்லாம் அவளுக்கு டியூட்டி விழும்.

இப்போது மகளுக்குத் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் கிடைத்தது. இந்த முறை எப்படியும் போய்விடுவது என்று அம்மா விடுப்பு வாங்கினாள். வாங்கிய கையோடு, ஊரில் உள்ள நோயாளிகளை எல்லாம் விழாமல் பிடிக்கிறவள், மருத்துவமனைப் படியில் தானே விழுந்தாள். கணுக்காலில் மாவுக்கட்டு. வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

மகள் போனில் அப்பாவைப் பிடித்தாள். "அப்பா, மேட்ச் ஆன்லைன்ல மட்டும்தான் வருதாம். அந்த சைட்ல சந்தா போட்டு அம்மாவுக்குப் பெரிய ஸ்கிரீன்ல காட்டிடு. போன்ல பாத்தா நான் கடுகு மாதிரி தெரிவேன்."

"சரிம்மா."

"உன் கொள்கை, கோட்பாடு எல்லாத்தையும் மேட்ச் முடிஞ்சப்புறம் வச்சுக்கோ. சரியா?"

"சரின்னேனே."

சந்தா போட்டார். பணத்தை அந்தத் தளம் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. பழைய ஆட்டம் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம் என்று அழுத்தினார். கறுப்புப் பக்கம் வந்தது. நடுவில், வருத்தப்படுகிற பொம்மை முகம். கீழே: 'உங்கள் கருவி ஆதரிக்கப்படவில்லை.'

"என்னவாம்?" என்றாள் மனைவி, கட்டிலில் இருந்தபடி.

"என் கருவியை ஆதரிக்க மாட்டானாம். இவன் ஆதரிக்கலைன்னு யாரு அழுதா?"

"நான் அழுவேன். கேளுங்க அவங்களை."

தளத்தின் மூலையில் ஒரு உதவிச் சன்னல் இருந்தது. தட்டினார். 'வணக்கம்! உங்களுக்கு உதவுவதில் பெருமகிழ்ச்சி கொள்கிறோம்!' என்று வந்தது. அந்த ஆச்சரியக்குறிகளைப் பார்த்ததுமே அவருக்கு எதிராளி ஆள் இல்லை, மெஷின் என்று புரிந்திருக்க வேண்டும். அல்லது மெஷின்போல் பேசப் பழக்கப்பட்ட ஆள். எது மேல் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

என்ன சிஸ்டம் என்று கேட்டது. லினக்ஸ் என்று எழுதினார்.

'அருமை! நீங்கள் குறிப்பிட்டது எங்கள் பட்டியலில் இல்லை.'

இதில் என்னடா அருமை என்று வாய்விட்டே கேட்டார். பிறகு, படம் ஓடுவதற்கு வேண்டிய எல்லாம் தன் பிரவுசரில் இருக்கிறது, வேறு தளங்களில் ஓடுகிறது, உங்களிடம் மட்டும் ஏன் ஓடவில்லை என்று பொறுமையாக எழுதினார். பொறுமையாக எழுதுவது அவருக்குப் புதிது, வியர்த்துவிட்டது.

'உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்! ஆதரிக்கப்படும் கருவிகள் பற்றிய விவரம் உதவிப் பக்கத்தில் உள்ளது. தயவுசெய்து அதைப் பார்க்கவும்.'

"உதவிப் பக்கத்துல என்னோடதுதானே இல்லைங்கறேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

மனைவி மாவுக்கட்டு குலுங்கச் சிரித்தாள். "போர்டுல இருக்குன்னு சொல்றான். நல்லா வேணும். உங்க ஜன்னலுக்கு வர்றவங்க சாபம் எல்லாம் ஒண்ணா சேந்து வந்துருக்கு."

விசாரணைக்காரருக்கு முகம் சுருங்கியது. தன் ஜன்னலில் குறைந்தபட்சம் கட்டைவிரல் காட்டுகிற ஒரு மனிதன் இருக்கிறான் என்று சொல்ல நினைத்தார். அது அவ்வளவு எடுபடுகிற வாதமாக அவருக்கே படவில்லை.

அடுத்து, தன் இனத்தாரிடம் போனார். லினக்ஸ்காரர்கள் கூடுகிற இணைய மன்றம் ஒன்று உண்டு. அங்கே உதவி கேட்பதற்குப் பதில் தேன்கூட்டில் தலையை விடலாம். 'அந்தக் குப்பையை ஏன் பார்க்கிறாய்?' என்றார் ஒருவர். 'பூட்டுப் போட்ட படத்தைப் பார்ப்பவன் அடிமை' என்றார் இன்னொருவர். 'நீ வைத்திருக்கும் லினக்ஸே சரியில்லை, நான் வைத்திருப்பதைப் போடு' என்றார் மூன்றாமவர். அவர்கள் மூவரும் அதற்குள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பொதுவாக அவர்களோடு சேர்ந்து கடிப்பவர்தான் இவரும். அன்றைக்கு மட்டும் அவர்கள் எல்லோரும் வேலைவெட்டி இல்லாதவர்களாகத் தெரிந்தார்கள்.

அந்த அமளிக்கு நடுவே யாரோ ஒருவர், பெண்ணோ ஆணோ, ஒரே ஒரு பதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். உன் மெஷினில் குறை எதுவும் இல்லை. பிரவுசர் எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் 'நான் இன்னார், இன்ன சிஸ்டத்திலிருந்து வருகிறேன்' என்று சொல்லும். அந்தத் தளம் பார்ப்பது அந்தப் பெயரை மட்டும்தான். பெயரை மாற்றிச் சொல்லச் சொல். திறந்துவிடும்.

படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மெஷினைச் சோதித்துப் பார்த்து, போதாது என்று தள்ளியிருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பார். இது அப்படி இல்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் திண்டாட விடுகிற சமாச்சாரம்.

"மாத்துங்க," என்றாள் மனைவி.

"என்னோட மெஷின் 'அதோட' பேரைச் சொல்லணுமா? என் வீட்டுல உக்காந்துக்கிட்டு?"

"ஆமா."

"பொய் சொல்லணும்ங்கற."

"ஜன்னல்ல சொல்ல வேணாம். வீட்டுல சொல்லுங்க. உங்க அரிச்சந்திர புராணத்தைக் கேக்க எனக்கு இப்போ நேரமில்ல. என் பொண்ணை நான் பாக்கணும்."

ஒரு நாள் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தார். மறுநாள் சாயங்காலம், மனைவி கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, திருடன்போல் அமைப்புகளுக்குள் போய்ப் பெயரை மாற்றினார். பொம்மை முகம் போயிற்று. ஆட்டம் ஓடியது. படம் கொஞ்சம் மசமசவென்று இருந்தது. ஆனால் நான்கு மூலையிலும் நான்கு கொடிகள் தெரிந்தன.

"வந்துருச்சா?" என்றாள் மனைவி. கண்ணை மூடியிருந்தாளே தவிர, அவள் தூங்கவில்லை.

"ம்."

"அவ்ளோதானா விஷயம்? ஒரு பேரு? இதுக்கா அந்த சைட்டுக்காரன் இவ்ளோ பிகு பண்ணினான்?"

"ம்."

"நீங்களும்தான்."

ஆட்டத்தன்று விடுப்பு எடுத்தார். மத்தியானம் ஆட்டம். காலையிலேயே நாற்காலியை நகர்த்தினார், திரையைத் துடைத்தார், மனைவியின் காலுக்குத் தலையணை வைத்தார். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது எல்லாம் தயார். அப்போதுதான் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி மின்னியது: புதிய அப்டேட் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் மற்ற மனிதர்கள் என்ன செய்வார்கள்? அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். 'அது' வைத்திருப்பவன் அப்டேட் என்றாலே அலறுவான். ஆனால் லினக்ஸ்காரனுக்கு அப்டேட் என்பது பலகாரத் தட்டு மாதிரி. முன்னால் நீட்டினால் கை தானாகப் போகும். இன்றைக்கு வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. அந்தக் குரலையும் அவர் இளக்காரமாகவே பார்த்தார். பொத்தானைத் தட்டினார். எழுத்துகள் ஓடின. அழகாக ஓடின. மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு எழுந்தது.

எழுந்து, கறுப்பாக நின்றது. இடது மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

மனைவி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணாம இப்படி ஆகாது. என்ன பண்ணீங்க?"

"அப்டேட் ஒண்ணு வந்துச்சு..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசி போடப் போகிறவள் நரம்பைத் தேடுவதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவருக்கு, இனி மைத்துனன் வந்துதான் வேட்டியை உதற வேண்டும்.

மைத்துனன் 'அது' ஓடுகிற தன் லேப்டாப்போடு வந்தான். மூன்று மாடி ஏறிய களைப்பு முகத்தில் துளியும் இல்லை. வாழ்நாளில் ஒரு முறை வருகிற அழைப்பு அல்லவா?

"தள்ளுங்க மாமா. சுதந்திரம் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

லேப்டாப்பைத் திறந்தான், தன் சந்தாவில் தளத்துக்குப் போனான். ஒரு தடங்கலும் இல்லாமல் ஆட்டம் வந்தது. அணிகள் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தன. "பாத்தீங்களா? காசு குடுத்தா கதவு தொறக்கும்." பெரிய திரையின் வயரை எடுத்து லேப்டாப்பில் செருகினான்.

அறை முழுக்கக் கூட்டத்தின் சத்தம் நிரம்பியது. படம் மட்டும் வரவில்லை. பெரிய திரையில் கறுப்பு. வயரைப் பிடுங்கினால் லேப்டாப்பில் படம் வருகிறது, செருகினால் போகிறது. மீண்டும் பிடுங்கினான், ஊதினான், செருகினான். கீழே ஒரு வரி வந்தது: 'இணைக்கப்பட்டுள்ள திரை பாதுகாப்பானது அல்ல.'

"இது என்ன புதுசா?" என்றான் மைத்துனன்.

விசாரணைக்காரரின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "நீ படத்தைத் திருடிருவியோன்னு சந்தேகப்படறான். நம்ம திரை பழசு. அதுக்குள்ள அவனோட பூட்டு இல்ல. முழுத் தரத்துல படம் குடுக்கற எடத்துல அவன் இதெல்லாம் பாப்பான். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மட்டமான படம்தான் குடுப்பான், அதுக்கு இந்தச் சோதனை கெடையாது."

"நான் ஏன் திருடறேன்? நான் சந்தாக்காரன்!"

"அதான் சொல்றேன். நீ காசு குடுத்தும் திருடன்."

"ரெண்டு பேரும் வாய மூடறீங்களா?" என்றாள் மனைவி. லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கி மூலையைத் தேடினாள். "இது அவளா, தண்ணி பாட்டிலான்னு தெரியலை." விரலால் திரையைத் தொட்டாள். விரல் நுனியே மகளை மறைத்தது. சட்டென்று அவள் குரல் உடைந்தது. "இதைப் பாக்கவா உக்காந்துருக்கேன்?"

மைத்துனன் வயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவளே நிமிர்ந்தாள். "ஏங்க, வருஷக்கணக்கா பீத்துவீங்களே, 'எங்க சிஸ்டத்துல புதுசு கெட்டுப்போனா பழசு அப்படியே உள்ள இருக்கும், எடுத்துக்கலாம்'னு. எங்க அது? எடுங்க."

அவள் சொல்வது சரி. கண்டவனிடம் எல்லாம் பெருமை பேசியது அவர்தான், பதற்றத்தில் அவருக்கே அது தோன்றவில்லை. திரையின் வயரைத் திரும்பத் தன் மெஷினில் செருகினார். மெஷினை அணைத்து, ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுப்பினார். வரிசையாகப் பதிப்புகள் வந்தன. பழையதைத் தேர்ந்தெடுத்தார். சுவரில் இருந்த திரை உயிர்பெற்றது.

பிரவுசரைத் திறந்தார். வருத்தப்படுகிற பொம்மை முகம் சுவர் நிறைய வந்து நின்றது. அப்டேட் பிரவுசரையும் விட்டுவைக்கவில்லை. மாற்றி வைத்த பெயர் அழிந்து, மெஷின் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மைத்துனன் பின்னால் குனிந்து நின்றான். "என்ன மாமா, உள்ள விட மாட்டேங்கறானா?"

மனைவி கண்ணை மூடியிருக்கும்போது செய்த காரியத்தை இப்போது மைத்துனன் மூச்சு கழுத்தில் பட, அந்தப் பெரிய திரையில், ஒவ்வொரு எழுத்தும் கைப்பிடி அளவுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். அமைப்புகளுக்குள் போனார். வாழ்நாளெல்லாம் வாயால் சொல்லாத பெயரை விரலால் தட்டினார். மைத்துனன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்.

"அடடா! ஆக, எங்க ஆளுன்னு சொல்லித்தான் உள்ள போறீங்களா?"

"ஆமா," என்றார் விசாரணைக்காரர்.

"இத்தனை வருஷமா எங்களைக் கிண்டல் பண்ணிட்டு..."

"ஆமாங்கறேன்ல. நகரு, வெளிச்சத்தை மறைக்கற."

ஆட்டம் வந்தது. முதல் சுற்றில் பாதி போயிருந்தது. மசமசப்பான படம்தான். ஆனால் வலது மூலையில் கொடியோடு ஒரு பெண் கால் அகட்டி, முழங்கால் மடக்கி நிற்பது தெரிந்தது. மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டாள். பந்து எங்கே போகிறது, யார் அடிக்கிறார்கள், யார் ஜெயிக்கிறார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. ஊரே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த அறையில் மூன்று பேரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்து பாய்ந்து வந்தது. வலைக்கு மேல் கைகள் எழுந்தன. பந்து மகளின் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தது. கூட்டம் கத்தியது. அதே நொடியில் அந்த மூலைக்கு மேல் ஒரு பெட்டி முளைத்தது: 'இந்த ஒளிபரப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? நட்சத்திரம் கொடுங்கள்!'

"அய்யோ, எடுங்க! எடுங்க அதை!"

பெட்டியின் ஓரத்தில் எறும்பளவுக்கு ஒரு பெருக்கல் குறி இருந்தது. முதல் தட்டில் தவறினார், இரண்டாவதிலும் தவறினார். மைத்துனன் "இன்னும் மேல, மாமா, மேல" என்று அலறினான். பெட்டி போனது.

மகள் கொடியை நிமிர்த்திப் பிடித்து, அதன் தலையில் கையை வைத்திருந்தாள். பந்து கையில் உரசியது என்கிறாள். வலையில் எழும்பிய நெட்டைப் பெண் இல்லவே இல்லை என்று விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். கூட்டம் ஊளையிட்டது. தலைமை நடுவர் மகளைப் பார்த்தார். கேமரா முதல்முறையாக, அன்றைக்கு ஒரே முறையாக, அவள் முகத்துக்குப் போனது. சுவர் நிறைய அவள் முகம், புள்ளி புள்ளியாக, ஓரங்கள் கலைந்து. கொடி அசையவில்லை.

"பட்டுச்சா என்ன?" என்றான் மைத்துனன். "இந்தப் படத்துல எனக்கு ஒண்ணும் தெரியலை."

"பட்டுச்சு," என்றாள் மனைவி. "அவளுக்குத் தெரியும்."

தலைமை நடுவர் கையை நீட்டினார். மகள் சொன்னதே நின்றது. நெட்டைப் பெண் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். மகள் கொடியைக் காலோடு ஒட்டி இறக்கி, மறுபடி கோட்டைப் பார்த்தாள். விசாரணைக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போயிருந்தார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

"தள்ளி உக்காருங்க," என்றாள் மனைவி. "மறைக்கறீங்க."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.